குளத்தைத் தூர்வாரச் சொன்னால், 'குலத்தை'த் தூர்வாரச் சொல்கிறதா உங்கள் மனு? ஆன்லைன் பிழைதிருத்தியை நம்பலாமா?

திங்கட்கிழமை புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். உங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரக் கேட்டு மனு கொடுக்கணும். கறம்பக்குடி கடைவீதியில் ஒரு டி.டி.பி சென்டரில் உட்கார்ந்து நாலு பாராவை அடித்து முடிக்கிறீர்கள், அல்லது உங்கள் மொபைலிலேயே அடிக்கிறீர்கள். 'எங்கள் குலத்தை உடனடியாகத் தூர்வார வேண்டும்' என்று ஒரு வரி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் பிழைதிருத்தியில் போட்டுப் பார்த்தால் ஒரு சிவப்புக் கோடுகூட வராமல் போகலாம். ஏன்னா, 'குலம்' என்பதும் சுத்தமான தமிழ்ச் சொல்தானே!

கடிதம், மனு, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை என எதை எழுதினாலும் இப்போது ஆன்லைனில் ஓர் உதவியாளர் தயாராக இருக்கிறார். பிழை பார்க்கிறார், ஒற்று போடுகிறார், கேட்டால் முழுசாக மாற்றியும் எழுதித் தருகிறார். பெரும்பாலும் காசும் கேட்பதில்லை. இவரிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டால் போதும், பாதிக் கஷ்டம் குறையும்.

தமிழுக்கு என்னவெல்லாம் இருக்கு?

நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் மதுரைக்காரர் ராஜாராமன் உருவாக்கிய 'வாணி', இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துப்பிழை திருத்தி. சந்திப்பிழைக்கு அவருடைய 'நாவி' இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ந.தெய்வசுந்தரம் உருவாக்கிய 'மென்தமிழ்', கணினியில் நிறுவிக்கொள்ளும் சொல்லாளர். மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் தமிழ் எழுத்துப்பிழை வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது சாட்ஜிபிடி, ஜெமினி என்று ஏ.ஐ உதவியாளர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பிழைதிருத்தி செய்வது ரொம்பவே கஷ்டமான வேலை. ஆங்கிலத்தில் 'ரீட்' என்ற வினைக்கு நாலைந்து வடிவங்கள்தான். நம்ம 'படி'யை எடுத்துக்கொள்ளுங்கள். படித்தேன், படிக்கிறாள், படித்துவிட்டார்களா, படிக்காதவர்களுக்காகவும்... ஒரே வேரிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளைவிடும். எல்லாவற்றையும் அகராதியில் அடுக்கிவைக்க முடியாது. அதனால் நல்ல தமிழ்ப் பிழைதிருத்தி சொல்லை வேராகவும் விகுதியாகவும் பிரித்துப் பார்த்து, இந்த வேரோடு இந்த விகுதி சேருமா என்று சோதிக்கும். சேரவில்லை என்றால் கோடு போடும். சேர்ந்தால் விட்டுவிடும். 'குலத்தை' தப்பிப்பது இங்கேதான். சொல் சரியாக இருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. அந்த இடத்துக்கு அந்தச் சொல் பொருந்துமா என்பது பெரும்பாலும் அதன் வேலை இல்லை.

பணி - பனி, அரை - அறை, மனம் - மணம், கரை - கறை. இந்த ஜோடிகளை நீங்கள்தான் பார்க்கணும், வேற வழியில்லை. ஏ.ஐ உதவியாளர்கள் சூழலைப் பார்த்துச் சொல்வதால் இவற்றைப் பல நேரம் பிடித்துவிடுகின்றன. ஆனால் அவற்றுக்கு வேறொரு கெட்ட பழக்கம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் எழுத்துருவைப் பாருங்கள்

டி.டி.பி கடையில் அடித்து வாங்கிய ஃபைலைப் பிழைதிருத்தியில் ஒட்டினால், சில நேரம் ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பயந்துவிடாதீர்கள், ஃபைல் கெடவில்லை. அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டிருக்கும். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும், கணினியைப் பொறுத்தவரை அது எம், கே, அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச். ஐந்து ஆங்கில விசைகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டியதுபோல. முகமூடியைக் கழற்றினால் பிழைதிருத்திக்கு அங்கே தமிழே தெரியாது.

தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் அச்சு வேலை நடக்கும் கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. பழகிய கை, பழைய பேஜ்மேக்கர்... அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். "யூனிகோடுல அடிச்சுக் குடுங்கண்ணே" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டால், எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒட்டினால் நொடியில் யூனிகோடாக மாற்றிக் கொடுக்கும். மாறிய பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, 'ஸ்ரீ' போன்ற இடங்களை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரில் கை வைக்க விடாதீர்கள்

கறம்பக்குடி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். வல்லின 'ற'. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு 'ர'வுக்கும் ஒரே 'ஆர்'தான். அதனால் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும்போதும், குரலில் சொல்லி எழுத வைக்கும்போதும் 'கரம்பக்குடி' வந்து விழ வாய்ப்பிருக்கிறது. 'கரம்பு' என்றால் தரிசு நிலம் என்ற பொருள் இருப்பதால் இயந்திரமும் சந்தேகப்படாது. பக்கத்து மழையூரை 'மலையூர்' என்று அடித்தாலும் அப்படித்தான். மழையும் சரி, மலையும் சரி.

இதைவிடச் சிக்கல் ஆட்பெயர்களில். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் முத்துலெட்சுமி, ரெங்கசாமி, ரெகுநாதன் என்று 'லெ', 'ரெ' போட்டு எழுதுகிற வழக்கம் அதிகம். கறம்பக்குடி வட்டத்திலேயே ரெகுநாதபுரம் இருக்கிறதே! பிழைதிருத்திக்கு இந்த வட்டார வழக்கு எப்படித் தெரியும்? 'முத்துலட்சுமி' என்று 'திருத்திக்' கொடுத்துவிடும். அகராதிப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பட்டாவிலும் 'லெ' இருந்தால், மனுவிலும் 'லெ'தான் இருக்கணும். ஓர் எழுத்து மாறியதற்காகப் பெயர்த் திருத்தம், உறுதிமொழிப் பத்திரம், மறுபடியும் இ-சேவை மையம் என்று அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்!

ஆகவே, பெயர், ஊர், இனிஷியல், சர்வே எண், தேதி இந்த ஐந்தும் ஆவணத்தில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுத வேண்டியவை. 'அனைத்தையும் மாற்று' பட்டன் கண்ணில் பட்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோடாகப் பார்த்து, ஏற்பதா விடுவதா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஒற்று வந்தால் வேலையே மாறிப்போகும்

ஒற்றுப்பிழையைக் கண்டுபிடிப்பதில் இந்தக் கருவிகள் கெட்டிக்காரர்கள். 'கறம்பக்குடிக்கு செல்லும்' என்று எழுதினால் 'கறம்பக்குடிக்குச் செல்லும்' என்று மாற்றச் சொல்லும். சரி. 'அந்த பேருந்து' என்றால் 'அந்தப் பேருந்து'. அதுவும் சரி. ஆனால் 'வேலை தேடி வந்தேன்' என்பதில் 'த்' போட்டால்? வேலைத் தேடி... வேல் என்ற ஆயுதத்தைத் தேடி வந்ததாக ஆகிவிடும்! வேலைக்கான விண்ணப்பத்தில் முருகன் கோயில் வாசலுக்கே போய்விடுவீர்கள். 'ஐ'யில் முடிகிற சொல்லைப் பார்த்ததும் அதை இரண்டாம் வேற்றுமை உருபு என்று இயந்திரம் நினைத்துக்கொள்ளக்கூடும். 'வேலை'யில் இருப்பது உருபா, சொல்லின் பகுதியா என்று பிரித்துப் பார்க்க நம்ம தலையும் கொஞ்சம் வேணும்.

அழகாக்கித் தந்த மனுவில் தேதி எங்கே?

இப்போது அந்தக் கெட்ட பழக்கத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்தாகத் தோன்றுகிறது. ஓர் உதாரணத்துக்கு, 'எங்க தெருவுல போன மாசம் 12-ம் தேதியிலேர்ந்து குடிதண்ணி வரல. 40 வீடு இருக்கு. லாரித் தண்ணி குடம் பத்து ரூபாய்க்கு வாங்குறோம்' என்று எழுதி, 'நல்ல தமிழில் மாற்று' என்று ஏ.ஐ-யிடம் கொடுத்தால், இப்படி ஏதாவது வரலாம்: 'எங்கள் பகுதியில் கடந்த சில வாரங்களாகக் குடிநீர் விநியோகம் பாதிக்கப்பட்டுள்ளது. இதனால் பொதுமக்கள் பெரும் சிரமத்துக்கு ஆளாகி வருகின்றனர்.'

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதி போச்சு, 40 வீடு போச்சு, பத்து ரூபாய் போச்சு. அதிகாரி நடவடிக்கை எடுக்கத் தேவைப்படுவதே அந்த மூன்றும்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்ட பகுதி இது. விழுந்த தென்னைக்கு நிவாரணம் கேட்டு மனு எழுதியவர்களுக்குத் தெரியும், 'ஏராளமான மரங்கள்' என்று எழுதினால் பலன் இல்லை. எத்தனை மரம் என்பதுதான் கேள்வி. சில நேரம் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நீங்கள் சொல்லாத சட்டப்பிரிவு, நீங்கள் கொடுக்காத பழைய மனு என்று இல்லாததைச் சேர்த்தும் எழுதிவிடும். கையெழுத்து உங்களுடையது என்பதால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

அதனால் ஏ.ஐ-யிடம் கேட்கும்போதே கட்டளையை இறுக்கமாகக் கொடுங்கள். 'எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழையை மட்டும் திருத்து. தகவல், பெயர், எண் எதையும் மாற்றாதே, எதையும் சேர்க்காதே. திருத்தியவற்றைத் தனியாகப் பட்டியலிடு.' பட்டியல் வந்ததும் அதை மட்டும் நம்பிவிடாமல், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எண்களை விரல் வைத்து ஒப்பிடுங்கள். ரெண்டு நிமிஷ வேலை.

ஆங்கில பயோடேட்டாவுக்கு?

சிங்கப்பூர், வளைகுடா வேலைக்கு விண்ணப்பம் என்றால் ஆங்கிலம்தான். அங்கே பிரபலமானது கிராமர்லி. 2009-ல் மூன்று உக்ரைன்காரர்கள் தொடங்கியது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு இது நிஜமாகவே வரம். அமைப்புகளில் போய், அமெரிக்க ஆங்கிலமா பிரிட்டிஷ் ஆங்கிலமா என்பதை மட்டும் முதலில் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நாம் பள்ளியில் படித்த 'கலர்' ஸ்பெல்லிங்குக்கே கோடு போட்டு வெறுப்பேற்றும்.

இலக்கணம் சரியாக இருந்தும் அர்த்தம் கவிழ்வது இங்கேயும் உண்டு. '2019-ல் பாஸ்டு அவுட்' என்று நாம் எழுதுவது படிப்பு முடித்ததை. ஆனால் வெளிநாட்டில் பலருக்கு அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். 'கிராஜுவேட்டட்' என்று எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

ஒட்டும் முன் ஒரு நிமிடம்

ஆன்லைன் உதவியாளரில் ஒட்டும் எழுத்து, பொதுவாக உங்கள் கணினியைவிட்டு வேறெங்கோ இருக்கும் சர்வருக்குப் போகிறது. 2018 பிப்ரவரியில், கிராமர்லியின் பிரவுசர் இணைப்பில் இருந்த ஓட்டையால் பயனாளர்களின் ஆவணங்களை மற்ற இணையதளங்கள் பார்த்துவிட முடியும் என்று கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஆர்மண்டி கண்டுபிடித்தார். நிறுவனம் உடனே சரிசெய்துவிட்டது. 2023-ல் சாம்சங் ஊழியர்கள் சிலர் ரகசிய மென்பொருள் வரிகளை சாட்ஜிபிடியில் ஒட்டிவிட, அந்த நிறுவனம் அப்படிப்பட்ட கருவிகளுக்கே தடை போட்டது. நம் மத்திய நிதி அமைச்சகமும் 2025 தொடக்கத்தில், அலுவலகக் கணினிகளில் ஏ.ஐ செயலிகளைத் தவிர்க்கும்படி தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது.

'நம்ம மனுவில் என்ன ரகசியம்?' என்று கேட்கலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு, மொபைல் எண், சொத்துத் தகராறு, வீட்டுப் பெண்களின் பெயர்... இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கே! எண்கள் வரும் இடத்தில் '0000' என்றும், பெயர் வரும் இடத்தில் 'அ', 'ஆ' என்றும் போட்டுச் சரிபாருங்கள். திருத்தம் முடிந்ததும் உண்மையான விவரங்களை நீங்களே நிரப்புங்கள். பெயரை இயந்திரம் மாற்றிவிடும் தொல்லையும் இதிலேயே தீர்ந்துவிடும். (ஆதார் நகலை டி.டி.பி கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு அப்படியே மறந்துவிடுகிறோமே, அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்!) கடைக் கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறந்திருந்தால் வெளியேறிவிட்டு, ஏ.ஐ உரையாடலையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

கருவி தெரிந்தவர்களுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. 2015 அக்டோபரில் தமிழ் வலைப்பதிவர் திருவிழாவையே நடத்திக்காட்டியது புதுக்கோட்டை. பக்கத்தில் ஒரு தமிழாசிரியரோ, கல்லூரிப் பிள்ளையோ இருந்தால் கடைசியாக ஒருமுறை மனுவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிப்பவர் எங்கே திணறுகிறாரோ அங்கே வாக்கியம் நீளம். அதை இரண்டாக உடையுங்கள்.

எல்லாம் சரிபார்த்தபின் ஃபைலை பி.டி.எஃப்-ஆக மாற்றியே பென்டிரைவில் ஏற்றுங்கள் அல்லது அனுப்புங்கள். இன்னொரு கணினியில் திறக்கும்போது எழுத்துரு மாறாது. பிரின்ட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மனு எண் போட்ட ரசீதை இன்னொன்றில் பின் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.