ஊருக்குப் போனவர் வீட்டுச் செடிகள்



பள்ளிக்கூடத்திலே ஆண்டுதோறும் தவறாமல் நிகழ்ந்துவந்த ஒரு துக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் மரக்கன்று நடுவோம். பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றாகப் பங்கிட்டுக்கொண்டு காலையும் மாலையும் தண்ணீர் விடுவார்கள். ஐப்பசி மழையில் அவை துளிர்த்து எழும். தை மாதத்தில் இடுப்பளவு நிற்கும். சித்திரையில் தேர்வு முடிந்து பள்ளியைப் பூட்டிவிட்டு வீட்டிற்குப் போவோம். ஜூன் மாதத்தில் கதவைத் திறந்தால் வரிசையாகக் குச்சிகள்தாம் நம்மை வரவேற்கும். பெருந்துறை வட்டாரத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், ஓராண்டு வைத்த முப்பது கன்றுகளில் நான்கே எஞ்சின. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், “லீவு நமக்குத்தானுங்கய்யா? செடிக்குமா லீவு விட்டுட்டோமுங்க?” என்று கேட்டான். மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆளில்லாத காலத்தில் செடி தானாகவே நீர் அருந்துவதற்கு வழி உண்டா என்னும் ஆராய்ச்சியில் நான் இறங்கியது அன்றுதான்.

செடிக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். பெரும்பாலோர் இதைக் கணக்கிடாமலே சாதனங்களைத் தேடிச் செல்கின்றனர். தண்ணீர் இரண்டு வழிகளில் போகிறது. மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாவது ஒன்று. வேர் உறிஞ்சிய நீர் இலைகளின் நுண்துளைகள் வழியாக ஆவியாய் வெளியேறும் நீராவிப்போக்கு மற்றொன்று. வெயில் மட்டும் இதற்குக் காரணமன்று, காற்றும் காரணம். கொங்கு நாட்டார்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்னும் திறந்த வாயில் இருக்கின்றதன்றோ? அதன் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து நம் மேட்டு நிலங்களின்மேல் வீசுகிறது. வானம் மூடியிருக்கும், மழை பெய்யாது, காற்று மட்டும் சுழற்றும். ஆடி மாதத்தில் மொட்டைமாடித் தொட்டிகள் நாம் எண்ணுவதைவிட விரைவாக உலர்ந்துபோவது இதனாலேதான்.

அளப்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. மாலையில் தொட்டிக்கு நன்றாக நீர்விட்டு, அதிகப்படி நீர் அடியில் வடிந்த பிறகு, அதைத் தராசில் வைத்து நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த நிறையே அச்செடி ஒரு நாளில் செலவிட்ட தண்ணீர். ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லிலிட்டர் என்பது நீங்கள் வகுப்பில் படித்ததே. தராசு இல்லாதவர் காகிதத்திலும் ஒருவாறு மதிப்பிடலாம். வாய் விட்டம் 30 சென்டிமீட்டர் உள்ள தொட்டியின் பரப்பு ஏறக்குறைய 707 சதுர சென்டிமீட்டர். ஒரு நாளில் 7 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொண்டால், அரை லிட்டர் வருகிறது. பத்து நாள் ஊருக்குப் போகிறவர் தொட்டி ஒன்றுக்கு ஐந்து லிட்டர் வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். இலைகள் தொட்டியின் விளிம்பைத் தாண்டிப் படர்ந்திருந்தால் இன்னும் அதிகம். ஆகவே, தேவையைக் குறைப்பதுதான் முதல் வேலை. தொட்டிகளை நிழலான மூலையில் நெருக்கி வைத்து, மண்ணின்மேல் சருகையோ தென்னை நார்க்கழிவையோ இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால், பாதிக் கவலை தீரும். இதற்குக் காசு செலவில்லை. அதனாலேயே பலர் இதை மதிப்பதில்லை.

இனித் தண்ணீரைத் தரும் வழிகளைக் காண்போம். விளக்குத் திரி எண்ணெயை மேலே ஏற்றுவதுபோல, பருத்தித் திரி நீரையும் ஏற்றும். நூலிழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய புழைகளில் நீர் தானே ஏறுவதைத் தந்துகிக் கவர்ச்சி என்பர். புதிய பஞ்சைத் திரித்து வைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதிலுள்ள இயற்கை மெழுகு நீரை ஒட்டவிடாது. பலமுறை வெளுத்த பழைய வேட்டியின் கிழிசலே சிறந்த திரி. அதன் ஒரு முனையைத் தொட்டியின் அடித்துளை வழியாக மண்ணுக்குள் ஒரு சாண் செலுத்தி, மறு முனையைக் கீழே உள்ள நீர்ப்பாத்திரத்தில் தொங்கவிட வேண்டும். நீர்மட்டத்திற்கும் தொட்டியின் அடிக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி கூடாது.

‘கீழே’ என்ற சொல்லை அழுத்திச் சொல்லுகிறேன். அதன் அருமையை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை மகள் வீட்டிற்குப் பன்னிரண்டு நாள் சென்றேன். வாளியை முக்காலியின்மேல் வைத்து, திரிகளை அதிலிருந்து கீழேயுள்ள தொட்டிகளுக்கு இறக்கிவிட்டு, இரண்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை விஞ்ஞானம் நடத்தியவன் என்ற பெருமிதத்தோடு வண்டி ஏறினேன். திரும்பி வந்தபோது வாளி வெறுமையாயிருந்தது. மல்லிகை இரண்டும் கருகியிருந்தன. மற்றொரு முறை அதேபோல் வைத்துக் கண்விழித்திருந்து பார்த்தேன். விடிவதற்குள் முழு வாளியும் வடிந்துவிட்டது! உயரத்திலுள்ள நீரில் தோய்ந்து, விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும் திரி, வெறும் திரியன்று, அது வடிகுழாயாகிவிடுகிறது. மண் நனைந்திருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. நீர் தாழ்ந்த இடத்திலிருந்து ஏறிவரும்போதுதான் மண்ணின் வறட்சிக்குத் தக்கபடி அளவாக ஏறும்.

சொட்டுச் சொட்டாக நீர் விடுவது இரண்டாவது வழி. அக்கினி நட்சத்திர காலத்தில் சிவாலயங்களில் இலிங்கத்தின்மேல் தாராபாத்திரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் சிறு துளையிட்ட அப்பாத்திரத்திலிருந்து நீர் இடைவிடாமல் துளித்துக்கொண்டிருக்கும். அதைச் சற்றுக் கூர்ந்து கவனித்தால் ஒரு செய்தி விளங்கும். பாத்திரம் நிறைந்திருக்கும்போது துளிகள் விரைந்து விழும். நீர் குறையக் குறைய வேகமும் குறையும். துளைக்குமேல் நிற்கும் நீரின் உயரமே அதைத் தள்ளுகிறது என்பதே காரணம். இக்குறையை நீக்கும் உபாயத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு எட்மே மாரியட் காட்டினார். வாயை இறுக மூடிய புட்டிக்குள் ஒரு மெல்லிய குழாயை அடிப்பக்கம் வரை செலுத்தி, காற்று அதன் வழியாக மட்டுமே நுழையும்படி செய்துவிட்டால், நீர்மட்டம் அக்குழாயின் கீழ்முனைக்கு இறங்கும் வரை ஒரே வேகத்தில் நீர் ஒழுகும்.

துளிகளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள், வியப்பாயிருக்கும். மருந்துக்கடைகளில் விற்கும் சாதாரணச் சலைன் குழாயில் இருபது துளி சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு துளி விழுந்தால் நாளைக்கு 86,400 துளி. அஃதாவது நான்கு லிட்டருக்குமேல். நாளைக்கு ஒரு லிட்டர் போதுமென்றால், நான்கு நொடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் ஒரு துளி விழவேண்டும். அக்குழாயிலுள்ள சக்கரத்தைத் திருகி இந்த அளவை வைக்கலாம். ஆயினும் புதுக்குழாயையே வாங்குங்கள். மருத்துவமனையில் பயன்படுத்தி எறிந்ததை எக்காரணத்தாலும் கையால் தொடலாகாது.

வயல்களில் பரவியுள்ள சொட்டுநீர்ப் பாசனத்தின் வரலாறும் ஒரு கசிவிலிருந்தே தொடங்குகிறது. சிம்கா பிளாஸ் என்னும் நீர்ப்பொறியாளர், 1930களில் பாலஸ்தீனத்தில் ஒரு மரம் மட்டும் அண்டையிலுள்ள மரங்களைவிட ஓங்கி வளர்ந்திருப்பதைக் கண்டார். அதன் வேரடியில் ஒரு நீர்க்குழாய் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் குழாய்கள் வந்த பிறகே அவருடைய எண்ணம் கைகூடியது. 1965இல் இஸ்ரேலின் ஹட்செரிம் என்ற கூட்டுப்பண்ணையுடன் சேர்ந்து நெட்டாஃபிம் நிறுவனம் தோன்றிற்று. நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் மஞ்சள் காடுகளிலும் ஓடும் கருங்குழாய்கள் அந்தக் கசிவின் வழித்தோன்றல்களே.

கசிவைப் பற்றிப் பேசும்போது நம் கீழ்பவானி வாய்க்காலை நினையாமல் இருக்க முடியவில்லை. 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கர் நிலத்திற்கு நீர் தரும் மண் வாய்க்கால் அது. அதன் கரைகளைக் கான்கிரீட்டால் மூடினால் கடைமடைக்கு நீர் சேரும் என்பர் ஒரு சாரார். மூடினால் கசிவு நின்று எங்கள் கிணறுகள் வற்றும் என்பர் மற்றொரு சாரார். வழக்கை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. கசியும் நீரெல்லாம் வீணாகும் நீரன்று என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து நான் சொல்லவரும் மண்குடத்திற்கு அதுவே அடிப்படை.

மெருகு ஏற்றாத, கழுத்துக் குறுகிய குடம் ஒன்றை வாய்மட்டும் வெளியே தெரியும்படி செடியருகே புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். குடத்தின் சுவரிலே கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டு. சுற்றியுள்ள மண் உலர்ந்தால் அது நீரை இழுக்கும். நனைந்தால் இழுப்புக் குறைந்துவிடும். மழை பெய்த நாளில் குடம் தானே சிக்கனம் பிடிக்கும். மின்சாரமோ கடிகாரமோ இல்லாமல் இத்தகைய கட்டுப்பாடு கிடைப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உவகை உண்டாகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டிலேயே சீன தேசத்தில் ஃபான் ஷெங்ஷி எழுதிய வேளாண்மை நூல், புதைத்த குடத்தைச் சுற்றி நான்கு முலாம் விதைகளை ஊன்றும் முறையைக் கூறுகிறது. நம் நாட்டிலே கர்னாலில் உள்ள மத்திய உவர்நில ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970களில் இதை ஆராய்ந்தனர். தென்னங்கன்றின் அருகே துளையிட்ட பானையில் திரி செருகி வைக்கும் வழக்கம் நம் ஊர்ப்புறங்களிலும் உண்டு.

குடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நீர் நிரப்பி வைத்தால் மாலைக்குள் வெளிப்புறம் வியர்க்க வேண்டும். வியர்க்காத குடம் புதைப்பதற்கு உதவாது. வண்ணம் பூசிய குடமும் அவ்வாறே. வாயை மூடாவிட்டால் கொசு முட்டையிடும். நம் உப்புத் தண்ணீரில் ஓராண்டுக்குள் துளைகள் அடைபடத் தொடங்கும்; வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிப் பார்க்கலாம்; பயனில்லையேல் மாற்றவேண்டியதுதான்.

கடைகளில் இன்று கிடைக்கும் தானியங்கிகளையும் சொல்லவேண்டும். குறித்த நேரத்தில் திறந்து மூடும் மின்வால்வுகள் நல்லவையே. ஆனால், கடிகாரத்தை மட்டும் நம்பும் கருவி, கொட்டுகிற மழையிலும் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். மண்ணின் ஈரத்தை உணரும் கருவி சேர்ந்தால் அக்குறை நீங்கும். அத்தகைய கருவிகளுள் மண்ணின் இழுவிசையை அளக்கும் ஒரு வகையின் நுனியில் இருப்பது என்ன தெரியுமா? நுண்துளைகளுள்ள சுட்ட மண் கிண்ணமே! எந்தச் சாதனமானாலும் புறப்படும் நாளில் பொருத்தாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே மூன்று நாள் ஓடவிட்டுப் பாருங்கள்.

இனிப் பள்ளித் தோட்டத்திற்கு வருகிறேன். மறு ஆண்டு முப்பது வேம்பும் புங்கும் வைத்து, கன்றுக்கு ஒன்றாக எட்டு லிட்டர்க் குடங்களைப் புதைத்தோம். எங்கள் மண்ணில் ஒரு குடம் நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் விட்டது. நாற்பத்தைந்து நாள் விடுமுறைக்கு ஒரு முறை நிரப்பினால் போதாது; எட்டு நாளைக்கொரு தடவையாக ஆறு முறை நிரப்ப வேண்டும். ஆகவே ஆள் அறவே வேண்டாம் என்ற என் கனவு பலிக்கவில்லை. ஆனால் நாள்தோறும் இருவேளை வரவேண்டிய இடத்தில், எட்டு நாளைக்கு ஒரு காலைப்பொழுது வந்தால் போதுமென்றாயிற்று. அதற்குப் பள்ளியை அடுத்த தெருப் பிள்ளைகள் நால்வர் முன்வந்தனர். முன்னே என்னைக் கேள்வி கேட்ட சிறுவனும் அவர்களுள் ஒருவன். எந்த நாளில் நிரப்புவது என்ற அட்டவணையைத் தன் நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் அவனே எழுதி வைத்திருந்தான்.

ஜூன் மாதத்தில் இருபத்தாறு கன்றுகள் உயிரோடு இருந்தன. இரண்டை ஆடு மேய்ந்துவிட்டது. மற்ற இரண்டின் குடங்களைத் தோண்டிப் பார்த்தோம்; ஒன்று விரிசல் கண்டிருந்தது; மற்றொன்று நான் முன்பு சொன்ன வியர்க்காத குடம். நிரப்பிய தண்ணீர் அதில் அப்படியே இருந்தது.