ராபினைக் கொன்றவர் யார்?

கதையில் வரும் ஒரு சிறுவன் பிழைக்க வேண்டுமா, மடிய வேண்டுமா என்று வாசகர்களிடம் வோட்டு வாங்கிய விசித்திரம் 1988-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவில் நடந்தது. மடியட்டும் என்று 5,343 வோட்டுகளும், பிழைக்கட்டும் என்று 5,271 வோட்டுகளும் விழுந்தன. 72 வோட்டு வித்தியாசத்தில் சிறுவன் மடிந்தான். கற்பனைச் சிறுவன்தானே, அவனுக்கு இந்தப் பக்கத்தில் இடமா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். ஜனங்களின் அபிப்பிராயத்தை எவ்விதம் அறிவது, அறிந்தபின் விளைவுக்குப் பொறுப்பாளி யார் என்ற இரு கேள்விகளும் இவ்விஷயத்தில் அடங்கியிருக்கின்றன. ஆகவே இடம் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

டி.ஸி. காமிக்ஸ் என்னும் கம்பெனியார் 1939 முதல் வெளியிட்டு வரும் சித்திரக் கதை ‘பேட்மேன்’. வௌவால் வேஷம் பூண்டு, இரவில் குற்றவாளிகளை வேட்டையாடும் ஒரு தனவந்தனே அதன் நாயகன். 1940-இல் ராபின் என்ற சிறுவன் அவனுக்குத் துணையாகச் சேர்ந்தான். முதல் ராபின் வளர்ந்து தனிவழி போனபின், 1983-இல் ஜேஸன் டாட் என்ற இரண்டாமவன் வந்தான். கதையின் போக்கோ அக்காலத்தில் நாளுக்கு நாள் இருண்டு கொண்டிருந்தது. 1986-இல் மிஸ்டர் பிராங்க் மில்லர் எழுதிய தொடர் ஒன்றில், முதுமையடைந்த பேட்மேன் ஜேஸனை இறந்துபோனவனாகவே நினைவுகூர்கிறான். அதாவது, வோட்டெடுப்புக்கு இரண்டு வருஷம் முன்பே பையனின் நெற்றியில் விதி எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

இந்த ஜேஸனை வாசகர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1987-இல் அவனுடைய பூர்வ கதை மாற்றி எழுதப்பட்டது. பேட்மேனுடைய மோட்டார் வண்டியின் சக்கரங்களையே கழற்றித் திருடத் துணிந்த தெருப் பையனாக அவன் மறுபிறவி எடுத்தான். முன்கோபமும் துடுக்கும் அவனோடு கூடவே வந்தன. 1988-இல் மிஸ்டர் ஜிம் ஸ்டார்லின் எழுதிய ஒரு கதையைக் கவனியுங்கள். ஒரு பெண்ணைச் சீரழித்து, அவள் தூக்கிட்டு மாளக் காரணமான ஒருவன், தகப்பன் அன்னிய நாட்டு ராஜதந்திரியாகையால் சட்டத்தின் பிடிக்குத் தப்புகிறான். ராபின் அவன் இருக்கும் மாடிக்கு முந்திச் செல்கிறான். பேட்மேன் வந்து சேரும்போது அந்த மனிதன் கீழே விழுந்து மடிகிறான். தள்ளினாயா என்ற கேள்விக்கு, பயந்து கால் தவறிவிட்டான் என்பதே பையனின் பதில். அது மெய்யா பொய்யா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் நியாயத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்ற பழைய வழக்கை வாசகன் தன் மனத்திலேயே விசாரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இருள் நிறைந்த கதைகளால் ஒரு பிரயோஜனம் உண்டென்றால் அது இதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வளவு நுட்பமான வழக்கை ‘இருக்கட்டும்’, ‘போகட்டும்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடைக்க முடியுமா? பத்திராதிபர் மிஸ்டர் டென்னிஸ் ஓநீல் அடைக்கத் துணிந்தார். இந்த யோசனைக்கு மூலம், 1982-இல் அமெரிக்க டெலிவிஷனில் எட்டி மர்பி என்ற ஹாஸ்ய நடிகர் உயிருள்ள ஒரு சிங்கி இறாலைக் காட்டி, இதை வேகவைக்கலாமா, விட்டுவிடலாமா என்று டெலிபோன் மூலம் வோட்டுக் கேட்ட வேடிக்கையாகும். (விட்டுவிடும்படியே பெரும்பாலோர் சொன்னார்கள், ஆயினும் அடுத்த வாரம் அது வெந்த நிலையில்தான் மேடைக்கு வந்தது.) 427-ஆம் இதழில் ஜோக்கர் என்னும் கொடியவன் ராபினை இரும்புத் தடியால் அடித்து வீழ்த்தி, வெடிகுண்டு வைத்த கிடங்கில் விட்டுச் செல்கிறான். குண்டு வெடிக்கிறது. இதழின் முடிவில் இரண்டு டெலிபோன் எண்கள் அச்சிடப்பட்டிருந்தன: பிழைக்க ஒன்று, மடிய மற்றொன்று. ஒரு முறை கூப்பிடக் கட்டணம் 50 ஸென்ட். கெடு ஒன்றரை நாள்.

ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடலாம், தடையொன்றும் இல்லை. ஒரே மனிதர் தம் கம்ப்யூட்டரைக் கொண்டு மணிக்கணக்காக ‘மடியட்டும்’ எண்ணையே சுழற்றினார் என்று தாம் கேள்வியுற்றதாக மிஸ்டர் ஓநீல் பிற்காலத்தில் சொன்னார். கேள்விச் செய்தியின்மேல் நாம் எதையும் கட்டப்போவதில்லை. 72 வோட்டு வித்தியாசத்தை ஒருவர் 36 டாலரில் ஈடுசெய்துவிடலாம் என்ற கணக்கே போதும். காசுள்ளவனுக்குக் காசுக்குத் தக்க வோட்டு என்ற ஏற்பாட்டுக்கு ஜனநாயகம் என்று பெயரிடுவதை நமது நேயர்கள் எந்தத் தேசத்திலும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இதைவிட நமக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. ராபின் என்ற துணைவனே கதைக்கு வேண்டாம், பளபளக்கும் உடையில் ஒரு பையனைக் குற்றவாளிகளோடு போராட அனுப்புவது குழந்தையை அபாயத்தில் தள்ளுவதாகும் என்ற எண்ணம் ஸ்டார்லினுக்கு ஆதிமுதல் உண்டு. அந்த எண்ணத்தில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் அவர் பேனாவிலிருந்தே பையனின் துர்க்குணமும் பெருகியது. குற்றச்சாட்டைத் தயாரித்தவர்களே ஜூரிகளையும் கூட்டினார்கள். பிறகு தீர்ப்பு உங்களுடையது என்று கைகழுவினார்கள்! கதையில் பையனின் சாவு வந்த விதத்தைப் பாருங்கள். பெற்ற தாயைத் தேடி எத்தியோப்பியா வரை சென்றவனை, அந்தத் தாயே ஜோக்கரிடம் காட்டிக் கொடுக்கிறாள். குண்டு வெடிக்கும் தருணத்தில் அவன் அவளுக்குக் குறுக்கே பாய்ந்து வெடியைத் தன்மேல் ஏற்கிறான். உதவாக்கரை என்று வோட்டு வாங்கியவனுக்கு இப்படியொரு மரணம். அந்த அத்தியாயத்தை முதலில் படிக்கத் தந்துவிட்டு வோட்டுக் கேட்டிருந்தால் கணக்கு எப்படி முடிந்திருக்கும்?

கதாசிரியன் வேலையில் வாசகன் தலையிடலாகாது என்பாரது கட்சி நம்முடையதன்று. மாதந்தோறும் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அபிப்பிராயம் சொல்லும் உரிமை நிச்சயமாக உண்டு. அதற்கு இதழிலேயே கடிதப் பகுதி இருந்தது. கடிதம் எழுதுகிறவன் காரணம் சொல்லியாக வேண்டும்; காரணத்துக்கு மறுப்பும் வரும். டெலிபோன் எண்ணுக்கோ காரணம் தேவையில்லை. பையனை வெறுத்தவனும், பேட்மேன் தனித்திருப்பதே அழகு என்றவனும், கம்பெனியாருக்கு அவ்வளவு துணிச்சல் உண்டா பார்ப்போம் என்று விளையாட்டாகச் சுழற்றியவனும் ஒரே தொகையில் கலந்து போகிறார்கள். செய்தி வெளிவந்தபோது பத்திரிகைகளில் எழுந்த கண்டனத்தை மிஸ்டர் ஓநீலே எதிர்பார்க்கவில்லை. மில்லரும் வன்மையாகக் கண்டித்தார்.

1989-இல் டிம் டிரேக் என்ற மூன்றாம் ராபினைக் கம்பெனியார் கொணர்ந்தார்கள். இம்முறை வோட்டெடுப்பு இல்லை. 2005-இல் ஜேஸனும் உயிரோடு திரும்பினான், துப்பாக்கி ஏந்தி, தன்னைக் கொன்றவனை ஏன் விட்டுவைத்தாய் என்று பேட்மேனையே கேட்கிறவனாக. ஒரு காலத்தில் வேண்டாதவனாயிருந்த அவனுக்கு இன்று தனியாக ஓர் அபிமானிகள் கூட்டம் இருக்கிறது. வோட்டுக் கணக்கு எப்படி முடிந்தாலும் உதவட்டும் என்று 1988-இலேயே, அவன் பிழைப்பதாகவும் சில பக்கங்கள் வரையப்பட்டிருந்தன. அவற்றைச் சேர்த்து அந்த 428-ஆம் இதழைக் கம்பெனியார் 2023 டிசம்பரில் வெளியிட்டார்கள். 5,271 வோட்டுகளுக்கு உரிய இதழ் முப்பத்தைந்து வருஷம் கழித்துக் கடைக்கு வந்தது; அதற்கும் விலை போட்டே விற்றார்கள்.