எழுதியது சரி, காட்டியது தவறு





நமது மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதாகவும், கண் சிகிச்சை நாள் எதுவென்றே தெரியவில்லை என்றும் ஒரு சகோதரி எழுதியிருந்தார்கள். அதே பக்கம் எங்கள் அலுவலகக் கணினியில் ஒழுங்காகத் தெரிந்தது. இது எப்படி என்று சிலர் கேட்பதால் விளக்க விரும்புகிறோம்.

மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1-0-1 என்றால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. எந்த மருந்துக்கடையிலும் அதற்கு ஒரே பொருள்தான். இணையப் பக்கமும் இப்படிக் குறிகளால் எழுதப்பட்ட சீட்டே. அதை வாசித்துத் திரையில் காட்டுவது பிரவுசர். குறிகளின் பொருளைப் பொதுவாக வகுப்பதற்காகவே, வேர்ல்டு வைடு வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994-ல் டபிள்யூ3சி என்னும் அமைப்பைத் தொடங்கினார்.

ஆனால் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் போட்டியிட்ட அந்நாட்களில், ஒவ்வொன்றும் தன் வழக்கப்படியே வாசித்தது. ஓர் உதாரணம்: 1996 டிசம்பரில் வெளியான சிஎஸ்எஸ் விதிப்படி, ஒரு பெட்டிக்கு அகலம் 300 புள்ளி என்றால், அது உள்ளே எழுத்து நிற்கும் இடத்தின் அளவு. இருபுறமும் 20 புள்ளி இடைவெளியும் 5 புள்ளிக் கோடும் சேர்ந்தால் மொத்தம் 350. விண்டோஸில் எக்ஸ்ப்ளோரரின் 5-ம் பதிப்போ எல்லாவற்றையும் 300-க்குள் அடக்கியது. எழுத்துக்கு மிஞ்சியது 250 மட்டுமே. விதியைக் கைக்கொண்டு எழுதியவரின் பக்கமே குலைந்தது!

6-ம் பதிப்பு 2001-ல் வந்தது. விதிப்படி எழுதப்பட்டதாக அறிவித்த பக்கங்களில் இந்தப் பிழை திருந்தியது. வேறு பிழைகள் நீடித்தன. அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. அதுவரை பக்கம் எழுதுவோர் சரியாக எழுதிவிட்டு, அந்த ஒரு பிரவுசருக்காக மீண்டும் தனிக் குறிகள் எழுதினார்கள். காணிக்கையால் நடக்கும் ஊழியங்களில் இப்படி வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் நோயாளிகளுக்கு உரியது அல்லவா?

1998-ல் பக்கம் எழுதுவோர் ஒன்றுகூடி, பொது விதிகளுக்காகக் குரல் கொடுத்தார்கள். 2005-ல் ஆசிட்2 என்ற சோதனைப் பக்கத்தை வெளியிட்டார்கள். விதிப்படி வாசிக்கும் பிரவுசரில் புன்னகைக்கும் முகம் தோன்றும். மற்றவற்றில் முகம் சிதையும். ஆப்பிளின் சஃபாரி அவ்வாண்டே தேறியது. எக்ஸ்ப்ளோரர் 2009-ல், 8-ம் பதிப்பில் தேறியது. 2022 ஜூன் 15-ல் விண்டோஸ் 10-ல் எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பிரவுசர்களுக்குள் இன்னும் வேற்றுமைகள் உண்டு; ஆயினும் போட்டியாளர்களே கூடி அவற்றைக் களைந்து வருவது நல்ல மாற்றம்.

அந்தச் சகோதரியின் கணினியில் இருந்தது பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத பிரவுசர். பிழை அவர்களுடையதும் அல்ல, பக்கத்தினுடையதும் அல்ல. ஆனாலும் பல மைல் பஸ் ஏறி வரும் ஒரு முதியவர் தவறான நாளில் வந்து திரும்பிப்போவது சிறிய காரியமல்ல. ஆகவே சிகிச்சை நாட்களை இப்போது பக்கத்தின் தொடக்கத்தில், எந்தப் பிரவுசரும் காட்டக்கூடிய எளிய வரிகளில் வைத்திருக்கிறோம்.

நீதிமொழிகள் 20:10 இருவகை நிறைகற்களைக் குறித்து எச்சரிக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவு இருக்கும்போது எளியவரே முதலில் பயனடைகிறார்.

உங்கள் பிரவுசரைத் தயவாய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பக்கம் குலைந்து தெரிந்தால் பிரவுசரின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எங்களுக்கு எழுதுங்கள். கணினிப் பணியில் உதவும் வாலிபர்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக!