சுழலும் அணுக்கரு

மகள் இயற்பியல் படிக்க விரும்பினால், "அதைப் படித்து என்ன பயன்?" என்று முகம் சுளிக்கும் பெற்றோரைத் தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் நாம் அடிக்கடி காண்கிறோம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1930இல் பட்டம் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், சுழலும் திரவக் கோளங்கள் எவ்வடிவம் கொள்ளும் என்பதை ஆராய்ந்து 1969இல் நூலொன்று வெளியிட்டார். சுழற்சி மிகுந்தால் கோளம் நம் பூமியைப்போல் தட்டையாகும். இன்னும் மிகுந்தால் ஒருபுறமாக நீளும். விண்மீன்களுக்காக எழுந்த இக்கணக்கு, கண்ணுக்கெட்டாத அணுக்கருவுக்கும் பெரிதும் பொருந்துகின்றது!

ஆயினும் அணுக்கரு வெறும் திரவத்துளியன்று. அதனுள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இணை இணையாக உள்ளன. இணைந்திருக்கும்வரை ஒன்றன் கோண உந்தத்தை மற்றது ஈடுசெய்துவிடும். வேகம் ஏறும்போது ஓர் இணை பிரிந்து, சுழற்சியின் திசைக்கே இரண்டும் திரும்புகின்றன. பாரத்தில் பெரும்பங்கை அவையே ஏற்றுக்கொள்வதால், கோண உந்தம் கூடியும் கருவின் வேகம் குறைகிறது. 1971இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர் இவ்விந்தையைக் கண்டனர்.

1986இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில், அகலத்தைப்போல் இருமடங்கு நீண்ட டிஸ்புரோசியம்-152 அணுக்கரு அகப்பட்டது. அது நொடிக்குச் சுற்றும் தடவைகளை எழுத, ஒன்றுக்குப் பின் இருபது சுழியங்கள் வேண்டும். சுழற்சி படிப்படியாகத் தணிகையில் அது உமிழ்ந்த காமாக் கதிர்களின் ஆற்றல்கள் ஏறத்தாழச் சம இடைவெளியில் அமைந்தன. அவற்றைக் கொண்டே வடிவத்தை உய்த்துணர்ந்தனர்.

நம் நாட்டிலும் மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆய்வகங்கள் காமாக் கதிர்க் கருவிகளைப் பொதுவில் வைத்து, முறைவைத்து இடம்மாற்றி இவ்வாய்வை நடத்தி வருகின்றன. பல்கலைக்கழக மாணவர்களும் அங்குச் சென்று அளவெடுக்கின்றனர்.