புடவைக்குப் போன இடத்தில் ஒரு படகுப் பிரயாணம்

இளம்பிள்ளைக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போகிற குடும்பங்கள் எப்படிப் போகும், எப்படித் திரும்பும் என்று நமக்குத் தெரியாதா? விடியற்காலையில் கிளம்பி, தறிச் சத்தத்துக்கு நடுவே கடை கடையாய் ஏறி இறங்கி, சம்பந்தி வீட்டுக்கு ஒரு தினுசு, நாத்தனாருக்கு ஒரு தினுசு என்று மூட்டை கட்டி, இருட்டுவதற்குள் சேலம் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் கஞ்சமலையைக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி!

இந்தப் பங்குனி, சித்திரையில் புடவைக்குப் போகிறவர்கள் பிரயாணத்தை ஒரு நாள் நீட்டிக்கொள்ளுங்கள். மேற்கே காவேரி இருக்கிறது. அதில் ஏறிப் போகப் படகும் இருக்கிறது.

ஐரோப்பாவில் வசந்தம் வந்தால் ஆற்றுக் கப்பல்கள் புறப்பட்டுவிடும். ஆம்ஸ்டர்டாமில் ஏறினால் ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப் என்று பழைய நகரங்களைப் பார்த்துக்கொண்டே மிதக்கலாம். நடுவில் லிஸ்ஸெ என்ற ஊருக்கு அழைத்துப் போய், 1950-ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கூகன்ஹாஃப் தோட்டத்தில் ட்யூலிப் பூக்களைக் காட்டுவார்கள். சுமார் 70 லட்சம் கிழங்குகளைப் புதைத்து வளர்க்கிறார்களாம். தோட்டம் திறந்திருப்பதோ ஏறக்குறைய எட்டே வாரம். ஒரு பூவைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் நம் பெண்களுக்கு அதில் ஒரு குறை.

காவேரியில் அப்படி ஒரு கப்பல் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விட முடியாது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக நாலு கதவணைகள் கட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். கப்பல் எப்படித் தாண்டும்? போதாக்குறைக்குப் பாறைகள் வேறே. ஆனால் அந்தக் கதவணைகளாலேயே நமக்கு ஒரு லாபமும் உண்டு. கோடையில் மற்ற இடங்களில் காவேரி மணலாய்க் கிடக்கும்போதும், இங்கே கதவை இறக்கித் தண்ணீரைத் தேக்கி வைப்பதால், ஆறு ஏரி மாதிரி ததும்பி நிற்கும்.

அதைப் பார்க்கத்தான் பூலாம்பட்டிக்குப் போகச் சொல்கிறேன். இளம்பிள்ளையிலிருந்து எடப்பாடிக்குப் போய், அங்கிருந்து பூலாம்பட்டி பஸ் பிடிக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால், "இது சேலம் ஜில்லாதானா?" என்று சந்தேகம் வந்துவிடும். கரையோரம் தென்னை, வாழை, எதிரே அகன்ற நீர்ப்பரப்பு, அதற்கப்பால் பாலமலை. 'குட்டி கேரளா' என்று செல்லமாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். சினிமாக்காரர்களும் இந்த இடத்தை விட்டு வைக்கவில்லை.

மோட்டார் படகு அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகிறது. இக்கரை சேலம், அக்கரை ஈரோடு! உல்லாசத்துக்காக ஏற்பட்ட படகு அல்ல இது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சந்தைக்குப் போகிறவர்களும், மோட்டார் சைக்கிளோடு ஏறுகிறவர்களும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம் சொற்பம். கரை சேரக் கொஞ்ச நேரம்தான் ஆகும். ஆனால் நடு ஆற்றில் காற்று முகத்தில் அடிக்கும்போது, முதல் நாள் பூராவும் ஜரிகையையும் விலையையும் பார்த்துப் பார்த்துச் சோர்ந்த கண்ணுக்கு அது போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். மிதவைச் சட்டை கொடுத்தால், புடவை கசங்குமே என்று பார்க்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு முதலில் மாட்டுங்கள். அடுத்தது, கதவணையைப் பராமரிக்கத் தண்ணீரை வடிக்கும் நாட்களிலும், மேட்டூரில் வெள்ளம் திறக்கும்போதும் படகு ஓடாது. எடப்பாடியிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கி ரோட்டுக்கு வந்தால் மேட்டூர் - பவானி பஸ்கள் போகும். வடக்கே போனால் மேட்டூர்.

1925-ல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் திறந்த அணை இது. நீளம் 5,300 அடி. அப்போதைய சென்னை கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். அணையின் அடியில் பூங்கா. புல்தரை, பூச்செடி, ஊஞ்சல் என்று குழந்தைகளுக்குப் பொழுது போவதே தெரியாது. வெளியே பொரித்த மீன் வாசனை ஆளை இழுக்கும். மரக்கறிக் குடும்பங்கள் கட்டுசாதத்தோடு போவது உசிதம்!

பூங்காவைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். மேட்டூரில் பார்க்க வேண்டியது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

அணை கட்டியபோது பல கிராமங்கள் மூழ்கிப் போயின. வீடு, வயல், கோயில், களம் எல்லாவற்றையும் விட்டு ஜனங்கள் மேட்டுக்குப் போனார்கள். பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலும், ஒரு பழைய கிறிஸ்தவக் கோயிலும் நீருக்குள் போயின. அணையின் முழு மட்டம் 120 அடி. அது 80 அடியை ஒட்டி இறங்கும் கோடைகளில், முதலில் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரங்கள் தலை தூக்கும், பிறகு நந்தி. தண்ணீர் இன்னும் வடிந்தால், ஈரம் காயாத அந்த மண்ணில் குடியானவர்கள் விதைத்துவிடுவார்கள். மறுபடி தண்ணீர் ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டும், ஏமாந்தால் போச்சு! பாட்டனார் வீட்டு வாசல் எங்கே இருந்தது என்று பேரன் தேடிப் பார்க்கும் நாட்களும் அவைதான். ஒரு குடும்பத்தின் சமையற்கட்டு இருந்த இடத்தின் மேல் பரிசல் போகிறது என்று நினைத்தால், எனக்கு அந்த நீலத் தண்ணீர் வேறு மாதிரியாகத் தெரிகிறது.

எல்லா வருஷமும் இந்தக் காட்சி கிடைக்காது. நல்ல மழை பெய்த வருஷங்களில் சித்திரையிலும் நூறு அடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். தினசரிகளில் மேட்டூர் நீர்மட்டம் போடுகிறார்களே, தங்கம் விலையைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். நந்தி தெரியாத வருஷமென்றால் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சந்தோஷம். டெல்டாப் பாசனத்துக்கு ஜூன் 12-ல் அணை திறப்பது வழக்கமல்லவா?

இன்னொரு நாள் கைவசம் இருந்தால் தெற்கே பவானி. காவேரியும் பவானியும் கூடும் கூடுதுறை. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக ஐதிகம். சங்கமேஸ்வரர் கோயிலில் அம்பாள் வேதநாயகி. 1804-ல் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த வில்லியம் காரோ என்ற வெள்ளைக்காரர் அவளுக்கு ஒரு தந்தக் கட்டில் செய்து கொடுத்தார். ஒரு மழை இரவில் சிறு பெண் ஒருத்தி வந்து, தூங்கிக்கொண்டிருந்த துரையை எழுப்பி வெளியே அழைத்தாளாம். அவர் வெளியே வந்ததும் பங்களா இடிந்து விழுந்ததாம். பெண்ணைக் காணோம்! கோயிலுக்குள் போக முடியாத துரை, அம்பாளைப் பார்க்க மதிலில் துளைகள் போட்டுக்கொண்டார் என்று காட்டுகிறார்கள். திரும்பும்போது பவானி ஜமக்காளம் ஒன்று வாங்காமல் வர மாட்டீர்கள். அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈரோட்டைத் தாண்டினால் கொடுமுடி. கே. பி. சுந்தராம்பாளின் ஊர். தெற்கே வந்த காவேரி இங்கேதான் கிழக்கே திரும்புகிறது.

பூந்தோட்டம் எங்கே என்கிறீர்களா? நாமக்கல் - கரூர் ரோட்டில் ஆற்றங்கரையிலேயே பரமத்தி வேலூர். சுற்று வட்டாரத்தில் குண்டுமல்லி, அரளி எல்லாம் பயிராகிறது. நம் ஊரில் வேடிக்கை பார்க்கவென்று பூ வளர்ப்பவர் யார்? சாமிக்கும் தலைக்கும்தான். வேலூர்ப் பூ ஏலத்தில் கூடை கூடையாய் விலை போகும். மார்கழி, தையில் கைக்கு எட்டாத மல்லிகை, பங்குனியில் வரத்து பெருகி இறங்கி வரும். விவசாயிக்கு அது கஷ்ட காலம்; பறிகூலிகூடக் கட்டாத நாட்களும் உண்டு. அங்கே மல்லிகை வாங்கினால் நாலணா, எட்டணாவுக்குப் பேரம் பேசாமல் வாங்குங்கள். இளம்பிள்ளையில் பேசின பேரமே போதும். ஈரத்துணியில் சுற்றிக் கொண்டால், ராத்திரி சேலத்தில் ரயில் ஏறும்வரை வாடாது.