1,500 ரூபாய் ஃபிரேம், 20,200 ரூபாய் சைக்கிள்: பழைய ரோடு பைக் கத்துக்கொடுத்த கணக்கு

தேனில ஒரு பழைய இரும்புக் கடையில பி.எஸ்.ஏ ஸ்டீல் ஃபிரேம் ஒண்ணு கிடைச்சுது. 1949ல தொடங்கின அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியோட பிராண்டு. விலை ஃபோர்க்கோட 1,500 ரூபாய். "பத்தாயிரத்துக்குள்ள டிராப் ஹேண்டில் போட்ட ரோடு பைக் ரெடி"ன்னு மனசுல ஒரு கணக்கு. கடைசியில ஆன செலவு இதுதான்:

• ஃபிரேம், ஃபோர்க்: 1,500
• பெயிண்ட்: 1,800
• மாத்தின ஃபோர்க்: 900
• அலாய் ரிம், ஹப், ஸ்போக்: 4,200
• டயர், டியூப்: 1,600
• கிராங்க், செயின், ஃப்ரீவீல்: 2,900
• பிரேக், லீவர், கேபிள்: 2,100
• ஹேண்டில்பார், டேப்: 1,900
• சீட், பெடல்: 1,400
• மெக்கானிக் கூலி: 1,200
• மதுரை பஸ், கூரியர்: 700
மொத்தம்: 20,200

ஃபிரேமோட பங்கு 8 சதவீதம் கூட இல்லை! இந்தக் காசுக்கு வாரண்டியோட புது கியர் சைக்கிளே வாங்கியிருக்கலாம்.

எங்கே தப்பு பண்ணேன்?

ஊருக்கெல்லாம் ஆடிட் பண்ற நான், ஃபிரேமை ஆடிட் பண்ணலை. ஆசையில முதல்ல பெயிண்ட் அடிச்சேன். அப்புறம்தான் ஃபோர்க் வளைஞ்சிருக்கிறது தெரிஞ்சுது. புதுசா ஒண்ணு மாத்தினதோட 4,200 ரூபாய் காலி. கையில ஓடாத ஃபிரேம்.

"இவ்வளவு போட்டாச்சே, இனி விடவா முடியும்?" நஷ்டத்துல இருக்கிற ஷேரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றவங்க சொல்றதும் இதே வசனம்தான். போன காசு போனதுதான், தொடர்ந்தாலும் விட்டாலும் அது திரும்பி வராது. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இனி போடப்போற 16,000 ரூபாய்க்கு இந்த சைக்கிள்தான் எனக்கு வேணுமா? நான் "ஆமா"ன்னேன். ஆனா அதுக்குக் காரணம் ஆசை. முதலீடுன்னு எனக்கே நான் பொய் சொல்லிக்கலை.

நீங்க இறங்கினா இதைப் பண்ணுங்க

1. ஃபிரேம் வாங்குறதுக்கு முன்னாடியே மேலே இருக்கிற மாதிரி முழு லிஸ்ட் எழுதுங்க. மொத்தத்துக்கு மேல கால் பங்கு கூட்டுங்க. அந்தத் தொகை கட்டுப்படியாகலைன்னா 1,500 ரூபாய் ஃபிரேமும் உங்களுக்கு விலை அதிகம்தான்.

2. ஒரு நூல் எடுத்துட்டுப் போங்க. பின் வீல் மாட்டுற இடத்துல ஒரு பக்கம் கட்டி, முன்னாடி ஹேண்டில் குழாயைச் சுத்தி, மறுபக்கம் கொண்டுவந்து கட்டுங்க. சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவுல இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். ஃபோர்க்கைப் பக்கவாட்டுல பாருங்க. ஜாயிண்ட்ல விரிசல் இருக்கா, சீட் கம்பி துருப்பிடிச்சு இறுகியிருக்கான்னு பாருங்க.

3. டேப்பால அளந்துட்டு பார்ட்ஸ் வாங்குங்க. டயர் உட்கார்ற இடத்துல பழைய 28 இஞ்ச் ரிம்மோட விட்டம் 635 மி.மீ, இப்போ வர்ற 700சி ரிம் 622 மி.மீ. அதை மாட்டினா பிரேக் கட்டை 6.5 மி.மீ கீழே இறங்கணும். பிரேக் கை எட்டலைன்னா அதுக்கும் தனிச் செலவு. பழைய ஃபிரேம்ல பின் ஹப் இடைவெளியும் குறைவா இருக்கும்.

4. பெயிண்ட் கடைசி.

5. பிரேக்ல மிச்சம் பிடிக்காதீங்க. மழையில ஸ்டீல் ரிம்ல பிரேக் சரியாப் பிடிக்காது. குமுளி இறக்கத்துலயோ போடிமெட்டு இறக்கத்துலயோ அது உயிர் விஷயம். டேப்பும் சீட்டும் அடுத்த மாசம் வாங்கிக்கலாம்.

6. கிரெடிட் கார்டு இ.எம்.ஐ வேண்டாம். மாசம் 2,000 ரூபாய் தனி அக்கவுண்ட்ல போடுங்க. எமர்ஜென்சி ஃபண்டும் எஸ்.ஐ.பி.யும் போனதுக்கு அப்புறம் மிஞ்சுற காசா அது இருக்கணும். காசு சேர்ற வேகத்துலதான் சைக்கிளும் வளரணும்.

வரி பத்தி ஒரு வரி: 2025 செப்டம்பர் 22லிருந்து சைக்கிளுக்கும் அதோட பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி 12லிருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. பில் கேட்டு வாங்கி, எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாருங்க.

சரி, வருத்தப்படுறேனா? ஆடி மாசம் தேனியிலிருந்து கம்பம் போற ரோட்டுல காத்து நேரா நெஞ்சுல மோதும். குனிஞ்சு டிராப் ஹேண்டிலைப் பிடிச்சு சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டிப் போய், திரும்பி வரும்போது அதே காத்து முதுகைத் தள்ளிவிடும். அந்த 20,200 ரூபாய்க்கு நான் வாங்கினது அதைத்தான். பத்தாயிரம்னு நினைச்சு ஆரம்பிச்சதுதான் தப்பு, சைக்கிள் இல்லை.