வானலை வழியே – 14: கேட்பதற்கென்று ஒரு கம்பி

1924 மே மாதம் சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் காலத்தில் ரேடியோ கேட்பதென்றால் முதல் வேலை நீளமாக ஒரு ஏரியல் கம்பி கட்டுவது. நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தக் கம்பியை விடாமல் பிடித்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் லோ பேண்ட் ஹாம்கள், அதாவது தாழ்ந்த அலைவரிசைகளில் பேசும் அமெச்சூர் வானொலியாளர்கள். இந்த வாரம் அவர்களுடைய கலையைத் திண்டுக்கல் சமவெளியில் வைத்துப் பார்ப்போம். இந்தக் கலையில் மண்ணுக்கும் ஊருக்கும் பங்கு உண்டு என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் லோ பேண்ட் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை மூன்று: 1.8 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே 160 மீட்டர், 3.5க்கு மேலே 80 மீட்டர், 7க்கு மேலே 40 மீட்டர். 160 மீட்டர் மீடியம் வேவ் நிலையங்களுக்கு அடுத்த வீடு. அதனால் குணமும் அவற்றைப் போலத்தான். பகலில் தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் வெயிலால் உருவாகும் டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அலைகள் இன்னும் மேலே சென்று திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். நடுப்பகலில் பக்கத்து நிலையங்களை மட்டுமே பிடிக்கும் மீடியம் வேவ் டிரான்சிஸ்டர், இரவு எட்டு மணிக்கு முள்ளை நகர்த்தும் இடமெல்லாம் ஏதோ ஒரு மொழியில் பேசுவது இதனால்தான்.

அலை நீளமென்றால் ஆன்டெனாவும் நீளம். நடுவில் கேபிள் இணையும் அரை அலைக் கம்பியான டைபோலுக்கு 40 மீட்டர் பேண்டில் சுமார் 20 மீட்டர் கம்பி போதும். 80க்கு ஏறக்குறைய 40 மீட்டர், 160க்கு 78 மீட்டர் வேண்டும். நீளத்தைச் சமாளித்துவிடலாம், உயரம்தான் சிக்கல். அலை அடிவானத்தை ஒட்டிக் கிளம்பித் தொலைதூரம் போக வேண்டுமென்றால் டைபோல் அரை அலை உயரத்திலாவது நிற்க வேண்டும். 160 மீட்டரில் அது 80 மீட்டர் உயரம். திண்டுக்கல் தோட்டங்களில் வளர்ந்த தென்னையில் கட்டினாலும் 15, 20 மீட்டருக்கு மேல் கிடைக்காது. அந்த உயரத்தில் கட்டிய டைபோல் தன் சக்தியைப் பெரும்பாலும் நேர் மேலே அனுப்பும். அது மேலிருந்து சுற்றுவட்டாரத்தில் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். இது வீண் அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து திண்டுக்கல் மாவட்டம் வரை வந்து மரங்களைச் சாய்த்தது. அப்படி மின்கம்பமும் செல்போன் கோபுரமும் விழுந்துவிட்ட நாளில் திண்டுக்கல்லிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பேச, தாழக் கட்டிய 80 அல்லது 40 மீட்டர் டைபோலும் ஒரு கார் பேட்டரியும் போதும்.

தொலைதூரம் வேண்டுபவர்களுக்குத்தான் பெரிய சோதனை. அதுவும் அனுப்புவதைவிடக் கேட்பதில்தான். மின்னல் வெட்டும்போதெல்லாம் இந்த அலைவரிசைகளில் ஒரு வெடிப்பு கேட்கும். உலகம் முழுவதிலும் சராசரியாக ஒரு நொடிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மின்னல்கள் வெட்டுகின்றன, அவற்றில் பெரும்பகுதி நம்மைப் போன்ற வெப்ப மண்டலங்களில். போதாக்குறைக்கு வீட்டு எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர், நூற்பாலைகளின் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள், தூசு படிந்து கசியும் மின்கம்பி இன்சுலேட்டர்கள் எல்லாம் இரைச்சலைக் கக்குகின்றன. ஐரோப்பாவில் ஒருவர் தரும் மோர்ஸ் ஒலி இந்த இரைச்சலுக்கு அடியில் கிடக்கும். வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் ஏலக் கூச்சலில் தூரத்திலிருந்து அழைப்பவர் குரல் பிடிபட வேண்டுமானால், அந்தப் பக்கமாகக் காதைத் திருப்பிக் கையைக் குவிப்பதைத் தவிர வழியில்லை. லோ பேண்டிலும் வழி அதுதான்: அனுப்ப ஒரு ஆன்டெனா, கேட்கத் தனியாக இன்னொன்று. கேட்கும் ஆன்டெனா பலமான சிக்னல் தர வேண்டியதில்லை. ஒரு திசையை மட்டும் கேட்டு மற்ற திசைகளின் இரைச்சலைத் தள்ளினால் போதும்.

இந்த உண்மையை உலகத்துக்கு உரக்கச் சொன்னது 1921 டிசம்பர். அமெரிக்க ஹாம்களின் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறதா என்று பார்க்க, பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையூருக்கு ரிசீவருடன் வந்தார். குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்தார். வெளியே சுமார் பன்னிரண்டடி உயரத்தில், ஏறக்குறைய 400 மீட்டர் நீளத்துக்கு, அமெரிக்காவை நோக்கி ஒற்றைக் கம்பி ஓடியது. கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சிலிருந்து 1பிசிஜி என்ற நிலையம் சுமார் 230 மீட்டர் அலைநீளத்தில் அனுப்பிய செய்தியை அவர் முழுமையாக எழுதி எடுத்தார். தொலைவுக்குப் போகாது என்று கருதப்பட்ட 'உதவாத' குறுகிய அலைநீளத்தில் ஹாம்களின் செய்தி முழுமையாகக் கடல் தாண்டியது அன்றுதான். அனுப்பியவர்களைக் கொண்டாடிய அளவுக்கு அந்தக் கம்பியை யாரும் கொண்டாடவில்லை. அதை வடிவமைத்து 1921இல் காப்புரிமை பெற்றவர் ஹெரால்டு பெவரேஜ். அதனால் அதன் பெயர் பெவரேஜ் ஆன்டெனா.

அது வேலை செய்யும் விதத்தில்தான் திண்டுக்கல் நுழைகிறது. நன்றாகக் கடத்தும் தரைமேல் போகும் அலை நிமிர்ந்தே போகும். சரியாகக் கடத்தாத தரைமேல் போகும்போது அதன் அடிப்பகுதி பின்தங்கி, அலை முன்பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வால்தான் படுக்கைவாட்டில் ஓடும் கம்பியில் மின்னோட்டம் எழுகிறது. கம்பியின் நீளம் முழுவதும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, மறுமுனையில் ரிசீவருக்கு வருகிறது. பின்பக்கமிருந்து வரும் அலையைத் தூர முனையில் இருக்கும் மின்தடை தின்றுவிடுகிறது. ஆகவே கடல்நீர் மேல் பெவரேஜ் பயன்படாது, பாறைக்காட்டில் நன்றாகக் கேட்கும். வேடசந்தூர், வடமதுரை, நத்தம் வட்டாரங்களின் மானாவாரிச் செம்மண்ணை நினைத்துப் பாருங்கள். இரண்டடி தோண்டினால் ஓடைக்கல்லும் பாறையும். விவசாயி கைவிடும் நிலம், கிணறு வெட்டினால் வெடி வைக்க வேண்டிய நிலம். அனுப்பும் செங்குத்து ஆன்டெனாவுக்கும் இது மோசமான தரை. கேட்கும் கம்பிக்கோ இதுதான் நல்ல நிலம்.

கட்டுவதும் எளிது. 160 மீட்டர் நீளக் கம்பி, தரையிலிருந்து இரண்டு முதல் மூன்று மீட்டர் உயரம். வேலியோரம் கம்பு நட்டு, மேலே இன்சுலேட்டராகப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். செம்பு வேண்டாம், ஜிஐ கம்பியே போதும். கம்பியில் இழப்பு நேர்ந்தால் சிக்னலும் இரைச்சலும் ஒன்றாகக் குறையும், விகிதம் மாறாது. தூர முனையில் சுமார் 450 ஓம் மின்தடையும் எர்த்தும் வேண்டும். ரிசீவர் பக்கத்தில் 450ஐ 50 ஓமாக இறக்கும் ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்பார்மர் வேண்டும். இரட்டைத் துளை ஃபெரைட் துண்டில், மூன்றுக்கு ஒன்று என்ற சுற்று விகிதத்தில் அதைக் கையாலேயே சுற்றலாம். பாறையில் எர்த் கம்பி இறங்காவிட்டால், தரையோடு நாலைந்து கம்பிகளை விரித்துவிடலாம். மின்வாரியக் கம்பிக்குக் கீழேயோ பக்கத்திலோ மட்டும் எதையும் கட்டக் கூடாது. இடி சத்தம் கேட்டதும் கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

இதுவரை மண்ணின் பேச்சு. வானம் வேறு பேசுகிறது. திண்டுக்கல் மாவட்டத்திலேயே, 2,343 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் ஆய்வகம் இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்ட இந்த ஆய்வகம், சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்ததால் புகழ் பெற்றது. ஹாம்களுக்கு அதைவிட நெருக்கமான வேலையும் அங்கே நடந்தது. பூமியின் காந்தப் புலத்தை அளந்தார்கள். 1950களிலிருந்து சிற்றலைத் துடிப்புகளை நேர் மேலே அனுப்பி, எந்த அலைவரிசை எந்த உயரத்தில் திரும்புகிறது என்று பதிவு செய்தார்கள். தெற்கே திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடாரை வைத்து மேல்வெளிக் காற்றை ஆராய்ந்தது. தும்பாவில் 1963இல் முதல் ராக்கெட் ஏறியதற்கும் இவை இங்கே நடந்ததற்கும் காரணம் ஒன்றே: காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. காந்த ஊசியைத் தடையின்றித் தொங்கவிட்டால் ஐரோப்பாவில் அது வெகுவாகக் கீழே சாயும். திண்டுக்கல்லில் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும்.

இதனால் கேட்பதில் என்ன மாற்றம்? அலைகளைத் திருப்பியனுப்பும் அயனி மண்டலத்துக்குள் நுழையும் அலை காந்தப் புலத்தால் இரண்டாகப் பிரிகிறது. 160 மீட்டரில் ஒன்று பெரிதும் உறிஞ்சப்பட்டுவிடும், மற்றொன்று பிழைத்து வரும். பிழைத்து வருவது, கிழக்கிலோ மேற்கிலோ இருந்து நமக்கு வரும்போது, காந்தப் புலத்தோடு சேர்ந்து வடக்கு தெற்காக, கிடைமட்டத்தில் அதிரும். சிங்கப்பூர், மலேசியாப் பக்கமும் கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கமும் இந்தக் கணக்கில் வரும். நேராக நிற்கும் கோபுர ஆன்டெனாவுக்கும் பெவரேஜுக்கும் பிடித்தது செங்குத்தாக அதிரும் அலை. ஆக, அந்தத் திசைகளில் தென்னை உயரத்தில் வடக்கு தெற்காகக் கட்டிய எளிய டைபோல், பெவரேஜைவிட நன்றாகக் கேட்க வாய்ப்பு உண்டு. கேட்கும் திசை வடக்குப் பக்கம் திரும்பத் திரும்ப இந்த வேறுபாடு தளரும். ஐரோப்பா நமக்கு வடமேற்கில், இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. லோ பேண்ட் புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்டவை. அங்கே காந்தப் புலம் வெகுவாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தப் புத்தகங்களை அப்படியே திண்டுக்கல்லில் பின்பற்ற முடியாது. இங்கே இரண்டு கம்பியும் வேண்டும். ஒரே சிக்னலை மாற்றி மாற்றிக் கேட்க ஒரு சுவிட்சும் வேண்டும்.

ரிசீவருக்குப் பெரிய செலவு தேவையில்லை. இரவில் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் ரிசீவரின் உணர்திறன் போதும், இனி அதைக் கூட்டிப் பயனில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. பக்கத்து மீடியம் வேவ் நிலையத்தின் பலத்தில் ரிசீவர் திணறக் கூடாது. அதற்கு 1.7 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர் வேண்டும். மோர்ஸுக்கு 500 ஹெர்ட்ஸ் அல்லது அதைவிடக் குறுகிய ஃபில்டரும் வேண்டும், திறந்த வாசல் குறுகினால் இரைச்சலும் குறையும். இறக்குமதி ரிக், அதாவது அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவி, வாங்க முடியாதவர்களுக்கு ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் (அழைப்புக் குறி வியு2இஎஸ்இ) ஒரு வழி திறந்தார். அவருடைய பிட்எக்ஸ் என்ற ரிக் வடிவமைப்பு எந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் உதிரிகளை நம்பியது. குழாய்க்குப் போடும் வாஷரில் காயில் சுற்றலாம் என்று காட்டியது. 40 மீட்டருக்கான அதன் பலகை, பிட்எக்ஸ்40, 2016இல் தயார் நிலையில் வந்ததும் உலகம் முழுக்கப் பரவியது.

இரைச்சலைக் குறைக்க ஹாம் உரிமம்கூடத் தேவையில்லை. மீடியம் வேவ் டிரான்சிஸ்டரில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சியின் முனை இரைச்சல் வரும் பக்கம் நோக்கினால் சத்தம் அமுங்கும். அப்படியே வீட்டைச் சுற்றி வந்தால் குற்றவாளியான விளக்கையோ சார்ஜரையோ பிடித்துவிடலாம். பருவமும் முக்கியம். சித்திரை, வைகாசியின் கோடை இடியும் ஐப்பசி, கார்த்திகை மழையும் காதைக் கெடுக்கும். தை, மாசியில் நம் வானம் தெளிந்திருக்கும், வடக்கே இரவு நீண்டிருக்கும். மாலை இருட்டும் நேரமும் விடியலுக்கு முந்தைய அரை மணியும் பொன்னானவை. நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் முன்கூட்டியே ரிசீவர் முன் உட்கார்ந்துவிட வேண்டும்.

திண்டுக்கல்லைச் சுற்றிக் காந்திகிராமம் போலச் சிறுமலை அடிவாரத்தில் விரிந்த வளாகங்கள் இருக்கின்றன, பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு பெவரேஜ், ஒரு டைபோல், ஒரு சுவிட்ச், ஒரு நோட்டு. மாணவர்கள் தை முதல் பங்குனி வரை இரவுதோறும் எந்தத் திசைக்கு எது நன்றாகக் கேட்டது என்று குறித்து வந்தால், காந்த நடுக்கோட்டுப் பகுதிக்கென்று நம் கையால் அளந்து எழுதிய ஒரு லோ பேண்ட் கையேடு பிறக்கும். அதற்கு வேண்டிய செலவு ஒரு நல்ல செல்போனின் விலையைத் தாண்டாது. தமிழ்நாட்டில் ஹாம் வானொலியை நேசிப்பவர்கள் இந்த வேலையைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

160 மீட்டர் கம்பிக்கு இடமில்லாத நகரவாசிகள் மொட்டைமாடியில் வைக்கக்கூடிய சிறிய வளைய ஆன்டெனாக்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)